திருச்செங்கோட்டு வழிகாட்டி
சேலம் நாட்டுச் சரித்திரம்: பதினேழாம் பகுதி

ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின் பயனாக 1792-ஆம் வருஷம் பாரமகாலும் சேலம் சீமையும் திப்பு சுல்தானுடைய ஆளுகையினின்று நீங்கிக் கும்பினியார் வசமானதையும், அவற்றை நிர்வகிக்க வந்த அலெக்ஸாண்டர் ரீட் வடபகுதியைக் கிரஹாமுக்கும் நடுப்பகுதியைத் தாமஸ் மன்றோவுக்கும் தென்பகுதியை மக்ளவுடுக்கும் பிரித்துக் கொடுத்து மேற்பார்வை செய்துவந்ததையும் சென்ற பகுதியில் கூறினோம். எந்த நிலம் நஞ்சை, எது புஞ்சை, எந்தக் கிணற்றில் சித்திரை மாதத்திலும் ஊற்று நிற்கும், எந்த ஏரி பல வருஷங்களுக்கு ஒருமுறைதான் நிரம்பும் என்பனவற்றை அறியாமல் தீர்வை விதிக்க இயலாதாகையால், அவ்வுத்தியோகஸ்தர்கள் ஊர் ஊராகச் சென்று வயல் வயலாக அளந்தார்கள். அளவுகோல் பிடித்தவர்களும், எல்லைக்கல்லைக் காட்டியவர்களும், பழைய ஓலைக் கணக்கைப் பிரித்துப் படித்துச் சொன்னவர்களும் இந்நாட்டுக் கணக்குப்பிள்ளைகளும் மணியகாரர்களும் தோட்டிகளுமே ஆவார்கள். ரயத்துவாரி என்று பின்னாளில் பெயர்பெற்ற முறை மன்றோவின் கீர்த்தியோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. அம்முறைக்கு அஸ்திவாரமாயிருந்த நிலஅறிவை வாய்மொழியாகக் கொடுத்தவர்களின் பெயர்களை நாம் எங்கே போய்த் தேடுவது?

இப்படிப் பெயர்கள் மறைந்துபோவது ஒருமுறையோடு நின்றதன்று. சேலத்தில் கும்பினியின் வியாபாரப் பிரதிநிதியாயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், இப்பிரதேசத்துக் கொல்லர்கள் கரி உலையில் இரும்பை உருக்கி, மூசையில் இட்டு எஃகாக்கும் வித்தையைக் கண்டு வியந்து, உத்தியோகத்தை விட்டு விலகி, 1830-ஆம் வருஷத்தையொட்டிப் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை நிறுவினார். கஞ்சமலை முதலிய குன்றுகளின் இரும்புக் கல்லே அவர் கண்ணை முதலில் ஈர்த்தது. அவ்வாலை பெருநஷ்டத்தில் முடிந்தது வேறு கதை. ஆயினும் எஃகைப் பற்றி அவர் இங்கிலாந்தில் எழுதிய கட்டுரையும் பெற்ற காப்புரிமையும் உலகம் அறிந்தவை. அவருக்கு உலைவாயைத் திறந்து காட்டிய கொல்லன் யாரென்பது உலகம் அறியாதது. 1864-இல் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் பூட்டும் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னாற்காடு ஆகிய ஜில்லாக்களின் பூதத்துவத்தை ஆராய்ந்து ஒரு கிரந்தம் வெளியிட்டனர். 1883-இல் லெ பானு என்பவர் சேலம் ஜில்லாவின் கையேட்டைத் தொகுத்தார். 1918-இல் ரிச்சர்ட்ஸ் அதைவிட விரிவான கெசட்டியரை எழுதினார். இந்நூல்களை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. மழைக்கணக்கு, மலைகளின் உயரம், ஜாதிகளின் வழக்கம், கோட்டைகளின் முற்றுகை, பஞ்சங்களின் கொடுமை ஆகியவற்றுக்கு இன்றைக்கும் நாம் அவற்றைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. புரூஸ் பூட், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டையே இருப்பிடமாகக் கொண்டு வாழ்ந்தார் என்பதையும், 1912-இல் இறந்த அவருடைய நினைவிடம் இன்றும் ஏற்காட்டில்தான் இருக்கிறது என்பதையும் நன்றியுடன் சொல்ல வேண்டும். ஆனால் அந்நூல்களெல்லாம் நாட்டை வெளியிலிருந்து பார்க்கிறவருக்காக, வெளியிலிருந்து வந்தவர் எழுதியவை. இந்நாட்டானுக்கு அவன் நாட்டையே எடுத்துக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

அப்படி ஒருவர் திருச்செங்கோட்டில் இருந்தார். அவர் தி. அ. முத்துசாமிக் கோனார். கல்லூரி ஆசிரியரல்லர், அரசாங்க உத்தியோகஸ்தருமல்லர். ‘விவேக திவாகரன்’ என்னும் பத்திரிகையை நடத்தியவர். பழஞ்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தவர். கொங்கு நாட்டின்மீது அடங்காத அபிமானமும், அந்த அபிமானத்துக்கு ஆதாரம் காட்டாமல் ஒரு வார்த்தையும் சொல்லலாகாது என்ற கட்டுப்பாடும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர். இவ்விரண்டும் ஒருவரிடத்தில் சேர்வது அரிது. ஊர்ப் பெருமை பேசுவோர் பலரிடத்தில் ஆதாரம் இராது. ஆதாரம் தேடுவோர் பலரிடத்தில் ஊர்ப் பற்று இராது.

1923-இல் கோனார் உரையுடன் வெளியிட்ட ‘கொங்குமண்டல சதகம்’ விஜயமங்கலத்தைச் சேர்ந்த கார்மேகக் கவிஞர் என்னும் ஜைனப் புலவர் இயற்றியது. பாட்டுக்கு ஒரு செய்தியாக, நாட்டின் எல்லை, மலை, நதி, தெய்வம், புலவர், வள்ளல், வீரர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு செல்லும் அந்நூல், உண்மையில் பாட்டு வடிவத்தில் அமைந்த ஒரு தேசயாத்திரை. கிழக்கே மதிற்கரை, தெற்கே பழனி, மேற்கே வெள்ளிமலை, வடக்கே பெரும்பாலை என்று நான்கு எல்லைகளை முதலில் வகுத்துக் காட்டிவிட்டு அதற்குள் நம்மை அது அழைத்துச் செல்கிறது. பெரும்பாலை தர்மபுரிச் சீமையிலுள்ள ஊர். மதிற்கரை காவிரிக்குத் தென்கரையில், மாயனூர்ப் பக்கத்தில், செல்லாண்டியம்மன் கோயில் கொண்டிருக்கும் இடம். மூவேந்தரின் எல்லைகளும் அங்கே சந்தித்தன என்பதும், காவிரியின் வடகரையில் கொல்லிமலையிலிருந்து இறங்கி வரும் கரைபோட்டான் ஆறே கொங்குக்கும் சோழநாட்டுக்கும் எல்லையாயிருந்தது என்பதும் பரம்பரையாக வழங்கும் ஐதிகம். ஆக, ஜில்லா என்றும் தாலுகா என்றும் இருநூறு வருஷங்களாக வரைந்தும் அழித்தும் வந்த கோடுகளுக்கு முன்னால், மலையும் ஆறும் கோயிலும் சேர்ந்து வரைந்த ஒரு கோடு இருந்தது. 1965-இல் தர்மபுரி பிரிந்தது. 1997-இல் நாமக்கல் பிரிந்தது. ஆயினும் ராசிபுர நாடு, ஏழூர் நாடு, பருத்திப்பள்ளி நாடு, கீழ்க்கரைப் பூந்துறை நாடு என்று கொங்கின் பழைய நாட்டுப் பெயர்களைச் சொல்லித் தம் குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்கும் பெரியவர்கள் இந்தச் சமவெளியில் இன்றும் இருக்கிறார்கள்.

சதகத்தை அச்சிட்டதோடு கோனார் நின்றிருந்தால் அவரைப் பதிப்பாசிரியர் என்று மட்டும் சொல்லி மேலே சென்றுவிடலாம். அவர் செய்தது அதற்கு மேற்பட்டது. ஒவ்வொரு பாட்டும் குறிப்பாகச் சொல்லும் செய்திக்குக் கல்வெட்டு உண்டா, செப்பேடு உண்டா, வேறு இலக்கியம் சான்று சொல்கிறதா, ஜனங்கள் வாய்க்கதையாக என்ன சொல்கிறார்கள் என்று தேடித் தேடி உரையில் சேர்த்தார். சாசனங்களைப் படிப்பது அரசாங்கச் சாசன இலாகாவின் வேலை என்று பலரும் ஒதுங்கியிருந்த காலத்தில், பாட்டையும் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றால் மற்றொன்றைச் சோதிக்கும் முறையை ஒரு சிறிய ஊரில் இருந்துகொண்டு அவர் கைக்கொண்டது சாமானியமான காரியமன்று. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் விஜயமங்கலத்தார் என்பதும், சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் நிரம்பை என்னும் கொங்கு ஊரினர் என்பதும் தமிழாராய்ச்சியாளர் நாவில் வழங்குவதற்கு இச்சதகமே முக்கிய ஆதாரம். சதகம் சுவடியாகவே கிடந்து செல்லரித்துப் போயிருந்தால், அவ்விருவரும் எந்த மண்ணினர் என்ற கேள்விக்கு நாம் எங்கே விடை கண்டிருப்போம்?

இனி, கோனார் வாழ்ந்த ஊரையே சற்று நின்று பார்ப்போம்; ஏனெனில் இத்தகைய வழிகாட்டி ஒருவர் அவ்வூரில் தோன்றியது தற்செயலாக எனக்குப் படவில்லை. சமவெளியின் நடுவே செந்நிறப் பாறையாக எழுந்து நிற்கும் திருச்செங்கோட்டு மலை, தூரத்திலிருந்து பிரயாணம் செய்கிறவனுக்குச் சங்ககிரியைப் போலவே அடையாளமாக அமைவது. கொடிமாடச் செங்குன்றூர் என்று திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம் இது. அருணகிரிநாதர் முருகனுக்குப் பாமாலை சூட்டிய ஸ்தலமும் இதுவே. ஆயிரத்திருநூறுக்கு மேற்பட்ட படிகளில் ஏறிச் செல்லும் வழியில் பாறையிலேயே நீண்டு செதுக்கப்பட்ட பெரிய நாகம் ஒன்று படமெடுத்துக் கிடக்கிறது. ஜனங்கள் அதற்கு மஞ்சளும் குங்குமமும் சாத்தி வணங்கிவிட்டு மேலே செல்கிறார்கள். அதற்கு மேல் வருவது அறுபதாம்படி. கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் வழக்கு வந்தாலும், பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு வந்தாலும், சாட்சியும் பத்திரமும் இல்லாத விவகாரங்களில் இந்தப் படியில் நின்று சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் வழக்கில்லை என்பது இச்சீமையில் நெடுங்காலமாக வழங்கிய தர்மம். மலையுச்சியில் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கும் அர்த்தநாரீசுவரரின் திருமேனி பாஷாணங்களால் ஆனது என்பர். வைகாசி விசாகத்தின்போது சுவாமி மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் எழுந்தருளித் தேரேறுகிறார். அந்நாட்களில் சுற்றுப்புறத்துக் கிராமங்களெல்லாம் திருச்செங்கோட்டில் திரண்டு விடுகின்றன. சொன்ன சொல்லுக்குச் சாட்சியாக ஒரு கல்லை வைத்துக்கொண்ட ஊரில் பிறந்தவர், பாட்டின் சொல்லுக்கும் கல்லையே சாட்சியாகத் தேடினார் என்பதை நினைக்க எனக்கு மிகுந்த திருப்தி உண்டாகிறது.

நாமக்கல் பாறை திருச்செங்கோட்டு மலையினின்றும் வேறுபட்டது. சுமார் 65 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கல், அதன் உச்சியில் சிறிய கோட்டை, அடிவாரத்தில் கமலாலயக் குளம். 1768-இல் ஆங்கிலேயர் இக்கோட்டையைப் பிடித்ததும், அதே வருஷம் ஹைதர் அலி அதை மீட்டதும் இத்தொடரின் பழைய பகுதிகளில் வந்தவை. நாமக்கல்லுக்குப் போகிறவர்கள் அனைவரும் பதினெட்டடி உயரத்தில் கூரையின்றி வெட்டவெளியில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவருடைய பார்வை எதன்மேல் விழுகிறதோ அந்த நரசிம்மர் குகையில் போதிய நேரம் நிற்பவர் சிலரே. இது வருந்தத்தக்கது. இரணியனை மடியிற்கிடத்திப் பிளக்கும் நரசிம்மம், பூமியை ஏந்தி எழும் வராகம், ஓங்கி உலகளக்கும் திரிவிக்கிரமம் ஆகிய சிற்பங்கள் மலையின் வயிற்றைக் குடைந்து அமைக்கப்பட்டவை. மல்லைக்குச் சென்று சிற்பம் பார்க்கிறவர்கள் இவற்றை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மலையின் மறுபுறத்தில் அரங்கநாதர் கார்க்கோடகன் என்னும் பாம்பின்மேல் பள்ளிகொண்டிருக்கிறார். அக்குகைக்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர் சூட்டியவன் அதியர் மரபில் வந்த குணசீலன் என்னும் அரசன் என்பது அங்குள்ள சாசனத்தால் தெரிகிறது. நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் வம்சம் சங்க காலத்தோடு மறைந்துவிட்டது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்க, பல நூற்றாண்டுகள் கழித்தும் அவர்கள் பெயர் ஒரு குகையின் சுவரில் இருக்கிறது. இம்மலையின் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தில் வந்த கணித மேதை ராமானுஜன் 1914-இல் கடல்கடந்து செல்ல இணங்கியது, அன்னையார் கோமளத்தம்மாளுக்குக் கனவில் தாயார் அநுமதி தந்த பின்னரே என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். நாமக்கல்லுக்குப் பக்கத்திலுள்ள மோகனூரில் 1888-இல் பிறந்து, தூரிகையும் எழுதுகோலும் இரண்டையும் ஏந்திய ராமலிங்கம் பிள்ளை இவ்வூர்ப் பெயராலேயே நாமக்கல் கவிஞர் என்று தமிழ்நாடு முழுவதும் அழைக்கப்பட்டார்.

கிழக்கே திரும்பினால் கொல்லிமலை. புறநானூற்றில் வன்பரணர் பாடிய ஒரு நிகழ்ச்சியை நான் பலமுறை நினைப்பதுண்டு. காட்டு வழியில் பாணர் கூட்டம் ஒன்று களைத்து வருகிறது; யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பால் ஊடுருவி வீழ்த்திய வேட்டுவன் ஒருவன் எதிர்ப்படுகிறான்; ‘கோ’ என்று பாடக் கேட்டு நாணுகிறான்; வந்தவர்களுக்குத் தன் கையாலேயே மானிறைச்சியும் கள்ளும் கொடுத்து, தன் மலைப் பொன்னையும் பரிசாக அளிக்கிறான். அவனே கொல்லிக்கு இறைவனாகிய வல்வில் ஓரி என்பது பின்னரே அவர்களுக்குப் புலப்படுகிறது. தன் மலையை அந்நியருக்குக் காட்டும் முறை இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும்: முதலில் பசி தீர்த்து, பிறகு மலையைக் காட்டி, தன்னைப் பற்றிக் கடைசியில்கூடச் சொல்லாமல் இருத்தல். ஓரியைத் திருமுடிக்காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்ததும் சங்கநூல்களே சொல்லும் செய்தி. இப்போது எழுபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட பாதையில் ஏறிச் செல்லும் நாம், பலாவும் மிளகும் வாழையும் காப்பியும் செழித்த மேட்டுநிலத்தில் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களைக் கடந்து அறப்பளீசுவரர் கோயிலை அடைகிறோம். அருகே ஐயாறு ஆகாய கங்கையாக விழுகிறது. ஆடிப் பதினெட்டன்று சமவெளியிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இங்கே ஏறுவது பழைய வழக்கம். அதையொட்டியே செம்மேட்டில் ஓரிக்கு அரசாங்கம் விழா எடுக்கிறது.

மலைகளைப் பற்றியே சொல்லிக்கொண்டு சமவெளியை மறந்துவிடக் கூடாது. சேர்வராயன் மலையிற் பிறந்து சேலம் நகரத்தின் நடுவே ஓடி நாமக்கல் சீமையில் காவிரியோடு கலக்கும் திருமணிமுத்தாறு இன்று நகரக் கழிவைச் சுமந்து செல்வதைக் காண மனம் பொறுக்கவில்லை. காவிரிக்கரையில் ஜேடர்பாளையம் அணைக்கட்டிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் பாயும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழைத் தோட்டங்களையும் நீக்கிப் பார்த்தால், மற்ற இடமெல்லாம் மானாவாரிக் காடும் கிணற்றுப் பாசனமுமே. செம்மண்ணுக்குக் கீழே சில அடிகளிலேயே கருங்கல் தட்டும் இந்நாட்டில் குடியானவன் தலைமுறை தலைமுறையாகப் பாறையைப் பிளந்து கிணறு வெட்டினான். காளைகளைப் பூட்டிக் கவலை ஓட்டிச் சாலில் நீர் இறைத்துச் சோளமும் கம்பும் கடலையும் விளைத்தான். பிறகு குச்சிக்கிழங்கு வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் கிழக்குத் தேசங்களிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோகவே, 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கி, இன்று நாட்டிலேயே முதன்மை பெற்றிருக்கிறது. பாறையைத் துளைத்துத் தண்ணீர் கண்டவர்களின் ஊராகிய திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் போர்வெல் லாரிகள் இன்று வடஇந்தியாவின் கிராமங்கள்வரை போய் நிற்கின்றன.

கோனார் தம் ஆராய்ச்சிகளைத் திரட்டிக் ‘கொங்கு நாடு’ என்னும் சரித்திர நூலை வெளியிட்டது 1934-ஆம் வருஷம். 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை வேலை நிறைவேறியதும் அதே வருஷந்தான். காவிரிக்கரையிலிருந்த ஊர்கள் பல குடிபெயர்ந்தன. பண்ணவாடியிலே ஜலகண்டேசுவரர் ஆலயத்து நந்தியும் ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் நீருக்குள் மறைந்தன. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் வருஷங்களில் மட்டும் அவை வெளியே தலைகாட்டுகின்றன. அணை வேண்டாமென்று சொல்வாரில்லை. தஞ்சைக்கு அதனால் வந்த நன்மை பெரிது. ஆனால் நாட்டின் ஒரு பகுதி கண்ணெதிரே நீரில் மூழ்கிய அதே வருஷத்தில், அந்நாட்டின் பழைய விருத்தாந்தங்களை ஒருவர் காகிதத்தில் ஏற்றிக் கரைசேர்த்தார் என்பதைச் சரித்திரம் எழுதுகிறவன் குறிக்காமல் விடலாகாது. அவருக்குப் பின் கோவை சி. எம். ராமச்சந்திரன் செட்டியார், மெக்கன்ஸி சேர்த்துவைத்த சுவடிகளில் ஒன்றாகிய ‘கொங்குதேச ராஜாக்கள்’ என்னும் வரலாற்றை 1950-இல் பதிப்பித்தார்; புலவர் செ. இராசு போன்றோர் கொங்குச் செப்பேடுகளையும் சாசனங்களையும் நூற்றுக்கணக்கில் வெளிக்கொணர்ந்தனர். இவர்கள் யாவரும் நடந்த பாதையில் முதல் அடிச்சுவடுகளுள் ஒன்று கோனாருடையது.

அவரை இவ்வளவு புகழ்ந்த பின், ஒரு குறையையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. சதகம் என்னும் இலக்கிய வகையே கொடையாளரையும் தலைவரையும் புலவரையும் முன்னிறுத்துவது; அதன் வழியே நாட்டைப் பார்க்கிறவருக்குக் கொடுத்தவன் தெரிகிற அளவுக்கு உழைத்தவன் தெரிவதில்லை. மூசையில் எஃகு செய்த கஞ்சமலைப் பக்கத்துக் கொல்லர், செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுத் தொழிலாளர், அம்மாபேட்டையின் நெசவாளர், கொல்லியிலும் சேர்வராயனிலும் தினையும் சாமையும் விளைக்கும் மலையாளிகள் ஆகியோரைப் பற்றி உத்தியோகஸ்தரின் கெசட்டியர் சிலவற்றைக் குறித்து வைத்தது; கொங்கின் பாட்டுமரபு அதைவிடக் குறைவாகவே குறித்தது. ஆகையால் இந்த இரண்டு வகை நூல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவை இரண்டிலும் விடுபட்டவற்றை அவ்வவ்வூர்ப் பெரியவர்களிடமே கேட்டறிந்து, அடுத்த பகுதியில் கொல்லிமலை மலையாளிகளின் வரலாற்றை எழுதத் துணிகிறேன்.

(தொடரும்)